யாருடையது முதலில்?

“நாலு பேருக்கும் அவளோடதைத்தான் முதல்ல காட்டியிருக்கே! இது என்ன நியாயம், ஓச்சோலா?” தேநீர்க் கோப்பையை டொக்கென்று வைத்தாள் நெக்கேசா.

“ஜெப்டூ முதல்ல முடிச்சுக் கொடுத்தா, அதனால அவளோடது முதல்ல. இது திங்கட்கிழமையே முடிவானதுதானே?” என்றான் ஓச்சோலா.

நைரோபியில் அந்தச் சின்ன கம்பெனி அவனுடையது. எந்தச் சந்தையில் எந்தக் காய் என்ன விலை என்று தேடினால் சொல்லும் தளம் ஒன்றை ஆரம்பிக்கிறான். அதற்கான சின்னத்தையும் தேடல் பக்கத்தையும் நெக்கேசாவும் ஜெப்டூவும் தனித்தனியாக வடிவமைத்திருந்தார்கள். சந்தையில் விற்கிற ஐந்து பேரிடம் இரண்டையும் கொடுத்துப் பார்ப்பது, அதிகம் பேருக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஜெயிப்பவள்தான் இனி வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவி.

நெக்கேசாவுக்கு எட்டு வருட அனுபவம். ஜெப்டூ வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் வரைந்த சிவப்பு வெங்காயச் சின்னத்தை வாசல் காவலாளிகூடப் புகழ்கிறான். நெக்கேசாவுக்கு வயிறு எரிந்தது. காலையில் ஜெப்டூ கொண்டுவந்த மண்டாசிப் பணியாரமும் அவளுக்குக் கசந்தது. கசந்தாலும் மூன்று தின்றாள்.

“ஆள் பிடிக்கிற வேலையையும் என் தலையிலேயே கட்டினே. மூணு நாள் சந்தை சந்தையா அலைஞ்சேன். அவ என்ன பண்ணா? நோகாம வந்து உக்காந்திருக்கா” என்றாள்.

“இப்ப ரெண்டுக்கு ரெண்டு. கடைசி ஆள் வந்தாச்சு. அந்தம்மா சொல்றதுதான் தீர்ப்பு.”

ஐந்தாவதாக வந்தவள் நஃபுலா. கங்கேமி சந்தையில் கீரை விற்பவள். நல்ல பருமன், நல்ல குரல். வெளி அறையில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தாள்.

ஜெப்டூ தயங்கித் தயங்கி எழுந்தாள். “பாஸ், அக்கா சொல்றது சரிதான். முதல்ல பாக்கிறது மனசுல நிக்கும். அவங்களுக்காவது அக்காவோடதை முதல்ல காட்டுங்க.”

“ஒண்ணும் வேணாம்!” நெக்கேசா துள்ளி எழுந்தாள். “உன் தயவு எனக்கு எதுக்கு? பழையபடியே நடக்கட்டும்!”

“காலையிலேர்ந்து இதுக்குத்தானே கத்தினே? இப்ப வேணாம்னா எப்படி? உக்காரு” என்றவன், நஃபுலாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நெக்கேசாவின் பக்கத்தைத் திறந்து போனைக் கொடுத்தான். “தக்காளி விலையைத் தேடுங்கம்மா.”

நஃபுலா போனைத் தூரப் பிடித்தாள். பிறகு கிட்டப் பிடித்தாள்.

“இது என்னய்யா, எறும்பு ஊருற மாதிரி எழுத்து? எங்க தொடுறதுன்னே தெரியலையே! கலரும் வெளுத்துப்போன துணி மாதிரி இருக்கு.”

நெக்கேசா பலமாக இருமினாள்.

“இருமாதே மகளே, உள்ளதைத்தான் சொல்றேன். இதை வெச்சு எவனும் தக்காளி வாங்க மாட்டான்.”

“மேல ஒரு பெரிய கட்டம் இருக்கு பாருங்க…” என்று ஆரம்பித்தாள் நெக்கேசா.

“உஷ்! வந்தவங்ககிட்ட நாம பேசக் கூடாதுன்னு விதி போட்டதே நீதான்” என்று ஓச்சோலா அதட்டினான். நெக்கேசா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டாவது பக்கம் முழுதாகத் திறக்கவில்லை. அதற்குள் நஃபுலாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அடடா! இதுல்ல பக்கம்! கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே! இதைச் செஞ்ச கைக்குத் தங்க வளையல் போடணும்!”

மூன்றுக்கு இரண்டு. ஓச்சோலா கை தட்டினான். ஜெப்டூவுக்குக் கண் கலங்கியது. ஓடி வந்து நெக்கேசாவைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்கதான் ஜெயிக்கணும்னு மாத்தச் சொன்னேன் அக்கா. சத்தியமா!”

“தெரியும்” என்றாள் நெக்கேசா. “இந்தம்மாவை வாசல் வரைக்கும் விட்டுட்டு வரேன்.”

மாடிப்படி திரும்பியதும் நஃபுலா நின்று, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, நெக்கேசாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

“எப்படிடி உன் அத்தை? ‘முதல்ல வர்றதைக் கழுவி ஊத்து, ரெண்டாவதைத் தூக்கி வெச்சுப் பேசு’ன்னு மூணு நாளா சொல்லிக் கொடுத்தியே, ஒரு வார்த்தை பிசகலையே? சரி, வாங்கித் தரேன்னு சொன்ன புதுத் துணி எங்கே?”