கன்றிய இடம்

சாத்தான் தொட்ட மச்சத்தில் ஊசி குத்தினால் சூனியக்காரிக்கு வலிக்காது என்று அந்த ஊர் நம்பியது. தேவாலய மண்டபத்தில், நீதிபதிக்கு முன்னால், சூனியக்காரி என்று பிடித்துவந்த உர்சுலாவின் முதுகு மச்சத்தில் மருத்துவச்சி வால்பர்கா ஊசியை இறக்கினாள். மூன்று நாட்களாகத் தூங்கவிடாமல் நிற்கவைத்த உடம்பு. உர்சுலாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. வெளியே விறகு அடுக்கும் சத்தம் கேட்டது. வால்பர்காவின் இன்னொரு கை உர்சுலா மேல் கிடந்த போர்வைக்குள் நுழைந்து, அவளுடைய இடது கையை நகம் பதியக் கிள்ளித் திருகியது. உர்சுலா அலறினாள்.

"இவளுக்கு வலிக்குதுங்கய்யா" என்றாள் வால்பர்கா, ஊசியைத் துடைத்துக்கொண்டே.

உர்சுலாவை விட்டுவிட்டார்கள். நன்றி சொல்லப் போனால் இருவரையும் சேர்த்து எரித்துவிடுவார்கள். சந்தையில் வால்பர்கா எதிரே வந்தாலும் உர்சுலா தலையைக் குனிந்துகொண்டாள். பத்தாம் நாள் பார்த்தபோது, கையில் கன்றியிருந்த நீலம் மங்கத் தொடங்கியிருந்தது. அதே இடத்தில் அவளே அழுத்திக் கிள்ளிக்கொண்டாள்.