சனிக்கிழமை இன்ஸ்பெக்டர்

“மாசத்துக்கு ரெண்டே வீடுதாங்க பாக்குறேன். அதுவும் சனிக்கிழமைல மட்டும். தினம் மூணு வீடு பாக்குறவருக்கும் எனக்கும் ஒரே பிரீமியமா?” போனில் கத்தினாள் மார்லிஸ். விலைக்கு வரும் வீடுகளை, வாங்குபவர்களுக்காகச் சோதித்துச் சொல்லும் பகுதி நேர இன்ஸ்பெக்டர் அவள்.

“மேடம், கூரை ஒழுகுறதை நீங்க கவனிக்காம விட்டா, வீடு வாங்கினவங்க கேஸ் போடுவாங்க. நஷ்டஈடு நாங்கதானே கொடுக்கணும்? பகுதி நேரம்னா கோர்ட்டுல பாதியாக் குறைப்பாங்களா?” மறுமுனையில் இளைஞனின் குரல் குழைந்தது.

“இத்தனை வருஷத்துல என்மேல ஒரு புகார் வந்திருக்கா?”

“இல்ல மேடம். ஆனா ரூல் அதான்.”

“மினசோட்டா குளிர்ல, எலிப் புழுக்கை நடுவுல கூரைக்கடியில தவழ்ந்து சம்பாதிக்கிறேன். அதை அப்படியே நீங்க வழிச்செடுத்துட்டுப் போறீங்க! இதுக்காகவே வாரம் முழுக்க இன்னொரு வேலைல மாரடிக்கிறேன். மனசாட்சி இருக்காய்யா உங்களுக்கு?”

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

பட்டென்று போனை வைத்தாள். மதிய இடைவேளை முடிந்திருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேஜையில் மினுங்கிய பட்டனை அழுத்தினாள். தான் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரைச் சொல்லி, “சொல்லுங்க சார்” என்றாள்.

“ஞாயித்துக்கிழமைல மட்டும் வீடு பாக்குற இன்ஸ்பெக்டர்மா நான். எனக்குப் போய் முழு பிரீமியம் போட்டிருக்கீங்க?”

“பகுதி நேரம், முழு நேரம்னு நாங்க பிரிக்கிறதில்ல சார். ரூல் அதான்.”

“மனசாட்சி இருக்காம்மா உனக்கு?”

மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னாள் மார்லிஸ்.

“இருக்கு. சனிக்கிழமைல மட்டும்.”