நாலு நாள் நிம்மதி

என் மனைவிக்கு வீட்டிலிருந்தே நூலகப் புத்தகங்களின் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. எண்ணைத் தப்பாக அடித்தால் 'டிங்' என்று சத்தம் வரும். மணிக்கு நாற்பது டிங்! பக்கத்து மேஜையில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் எனக்கு மண்டை காய்ந்தது.

"பார்த்து அடிக்கக் கூடாதா?"

"பார்த்துத்தாங்க அடிக்கிறேன்."

திங்கட்கிழமை அவள் குளிக்கப் போன சமயம், செட்டிங்ஸுக்குள் புகுந்து அந்தச் சத்தத்தின் கழுத்தைத் திருகினேன். அப்பாடா!

வியாழக்கிழமை அவளே கேட்டாள்: "ஏங்க, கவனிச்சீங்களா? நாலு நாளா ஒரு டிங் கூட வரல."

எனக்குத் திக்கென்றது. "நீதான் தேறிட்டியே!" என்று வாய் கூசாமல் புளுகினேன்.

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ இனிமே சொல்லலாம். கண்ணுல கோளாறுங்க. உடனே ஆபரேஷன் பண்ணலேன்னா பார்வை போயிடும்னாரு டாக்டர். நீங்க பதறுவீங்கன்னுதான் மறைச்சேன். சொட்டு மருந்துலயே சரியாயிடுச்சு. காலையில போன் பண்ணி, ஆபரேஷனே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"இப்போ... தெளிவா தெரியுதா?" என்று கேட்டேன்.

"இன்னும் மங்கல்தான்" என்று சிரித்தாள். "ஆனா கம்ப்யூட்டரும் தப்பில்லேங்குது, நீங்களும் தேறிட்டேங்கிறீங்க. ரெண்டு பேருமா சேர்ந்து எங்கிட்ட பொய் சொல்லப் போறீங்க?"