பெரகல விமானம்

இடது இறக்கையின் வெளி டேங்கில் முள் அடிக்கு வந்துவிட்டது. மொஹிதீன் உள் டேங்கின் வால்வைத் திறந்தார். பிறகு வெளி டேங்கை மூடினார். நாலு எஞ்சினும் இரைச்சல் குறையாமல் ஓடின. ஜன்னலுக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"மச்சான், போதும். இத நிப்பாட்டுங்க," என்றார் பின்னால் நின்ற வாஹித்.

மொஹிதீன் திரும்பவில்லை. பக்கத்து இருக்கையில் அவர் மனைவி ஸுபைரா நல்ல சேலை உடுத்து, முக்காடு போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் திரும்பவில்லை.

விமானம் என்று சொன்னால் பெரகல சந்தியில் சிரிப்பார்கள். அது மொஹிதீனின் இரும்புக் கடைக்குப் பின்னறை. ஜன்னலில் தெரிந்த வெள்ளை, மத்தியானம் திரும்பியதும் பள்ளத்திலிருந்து ஏறி வருகிற பனிமூட்டம்.

கொழும்பில் ஒரு விமானக் கம்பெனியில், விமானத்தில் ஏறுமுன் எஞ்சினியர்களைத் தரையிலேயே வைத்துப் பழக்குகிற யந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். பழைய விசிறி விமானங்கள் ஒழிந்ததும் அந்த யந்திரத்தையும் பழைய இரும்புக்குத் தள்ளினார்கள். மனுசன் அதை விலைக்கு வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

ஒரு சொட்டுப் பெற்றோல் கிடையாது, ஓர் அங்குலம் நகராது. ஆனால் டேங்க் முள்ளெல்லாம் நிஜம்போலவே இறங்கும். டேங்க் மாற்ற மறந்தால் எஞ்சின் சத்தம் திக்கித் திக்கி நின்றுவிடும்.

பல வருசம் அது சாக்குப் போர்வைக்குள் கிடந்தது. ஒரே மகன் நிஸ்தார் குவைத்துக்கு வேலைக்குப் போய், அங்கே லொறி மோதி மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆன பிறகுதான் போர்வை கழன்றது. அன்றிலிருந்து பின்னேரமானால் கடையைச் சாத்திவிட்டு மனுசன் வானத்துக்குப் போய்விடுவார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மகன் போன துக்கத்தில் மொஹிதீனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். ஏறுவாராம், இறங்கவே மாட்டாராம் என்று பகிடி பண்ணினார்கள். காலையில் ஆணி நிறுக்கும்போது தெளிவாக இருக்கிற ஆளுக்குப் பின்னேரம் மட்டும் எப்படிப் பைத்தியம் பிடிக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஸுபைரா காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை முழுக்க யந்திரம் ஓடவில்லை. விளையாட்டுக்குக் கூட்டாளி வேண்டாமா என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

இரக்கமெல்லாம் ஸுபைரா மேல்தான். பெற்ற வயிறு பற்றி எரிகிற நேரத்தில் இந்தக் கிறுக்கு மனுசனோடு மாரடிக்கிறாளே, பாவி என்றார்கள். அவள் வெளியே வருவதில்லை. யாராவது தேடிப் போனால், அவளுக்குத் தலையிடி என்று மொஹிதீனே வாசலில் வைத்து அனுப்பிவிடுவார்.

இதெல்லாம் பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த அவள் அண்ணன் வாஹித்தின் காதுக்கும் போயிற்று. தங்கச்சியைச் சிறை வைத்திருக்கிறான் என்று கொதித்துப் போனார். இன்றைக்கு லொறியோடுதான் வந்திருந்தார். தங்கச்சி அவர் வீட்டுக்கு, யந்திரம் பழைய இரும்புக்காரனுக்கு. வாசலில் இரண்டு பேர் கயிறும் கடப்பாரையுமாகக் காத்திருந்தார்கள்.

முதலில் தன்மையாகத்தான் பேசினார். கடையைப் பாருங்கள், தொழுகைக்கு வாருங்கள், ஆம்பிளை நீங்களே இப்படி உடைந்தால் அவள் எங்கே போவாள் என்றெல்லாம் சொன்னார். மொஹிதீன் முள்ளைப் பார்த்தபடியே இருந்தார். "நிஸ்தார் போய்ட்..." என்று வாஹித் வாயெடுத்ததும், மொஹிதீன் பாய்ந்து எஞ்சின் சத்தத்தைக் கூட்டினார். அறை அதிர்ந்தது. வாஹித் சொன்னது வாஹித்துக்கே கேட்கவில்லை.

அதோடு வாஹித்தின் பொறுமை போயிற்று. சுவரில் இருந்த மெயின் சுவிட்சில் கையை வைத்தார். மொஹிதீன் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கடைத்தெருவில் யாரிடமும் தலை குனியாத மனுசன். கண் கலங்கி நின்றார்.

"இன்னும் ரெண்டு டேங்க் இருக்கு மச்சான். அது மட்டும் ஓடட்டும்," என்றார்.

"ஒண்ணும் ஓட வேணாம். இப்பவே எறக்குங்க."

அப்போதுதான் ஸுபைரா திரும்பினாள். அண்ணனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. மகன் மௌத்தான சேதி வந்த நாளிலிருந்து அவள் சிரித்து வாஹித் பார்த்ததில்லை. நல்லவேளை, தங்கச்சி தன்னோடு கிளம்பி வரத் தயாராகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தார்.

"நானா," என்றாள் ஆசையாக. "நீங்களும் நிஸ்தாரப் பாக்கத்தான் வாறீங்களா?"

வாஹித் மொஹிதீனைப் பார்த்தார். மொஹிதீன் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினார்.

கவனிக்க ஆளில்லாமல் வலது பக்கத்து எஞ்சின் ஒன்று திக்கத் தொடங்கியது. சத்தம் குறைந்ததும் ஸுபைரா பரபரத்தாள். முக்காட்டைச் சரிசெய்து, கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"குவைத் வந்துட்டா? புள்ள வெளியில நிப்பானா?"

மொஹிதீன் ஓடிப்போய் வால்வுகளைத் தடவினார். கண்ணீரில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. வாஹித் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். தங்கச்சியை மெல்ல உட்காரவைத்துவிட்டு, மச்சானின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"எந்த டேங்கத் தெறக்கணும், மச்சான்?"