மைனஸ் எண்பதுக்கு ஓய்வு

ஃப்ரீசரின் கதவில் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். கைப்பிடியில் மாலை.

அவள் மாலையை விலக்கிக் கதவைத் திறந்தாள்.

குளிர் வரவில்லை. தண்ணீர் வந்தது.

மைனஸ் எண்பது டிகிரியில் இருக்க வேண்டியது, திருச்சிப் புழுக்கத்தோடு சமாதானமாகப் போயிருந்தது.

பிளக் சுவரில்தான் இருந்தது. சுவிட்சை அணைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு பொட்டு.

உள்ளே நாற்பது குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கொசுவுக்குக்கூடக் காணாத அளவு பெப்டைடு. கிழிந்த தசையை மறுபடி வளரச் சொல்லும் செயற்கை மருந்து. கேட்டு எழுதி, வந்து சேர ஏழு மாதம். பதினோரு பேர் கையெழுத்து.

மூன்று நாள் உருகிக் கிடந்தால் அது மருந்தில்லை.

எலிக்கூடத்தில் இருபத்து நான்கு எலிகள். நேற்று, விடுமுறையிலும் வந்து, அவற்றின் பின்னங்கால் தசையில் காயம் செய்துவிட்டுப் போயிருந்தாள். இன்று முதல் ஊசி. டிசம்பரோடு அவளுடைய ஆய்வுக்காலம் முடிகிறது.

ஐந்து வருடம்.

அட்டெண்டர் சூசை மாப்போடு வந்து தரையைப் பார்த்தார்.

"யாருண்ணே அணைச்சது?"

"ஹெச்.ஓ.டி. சார்தான்மா. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும், ஆயுதத்துக்கெல்லாம் ஓய்வு குடுக்கணும்னாரு. ஒவ்வொரு சுவிட்சா அவரே அணைச்சாரு. இதை மட்டும் விடுங்க சார்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சூசை சொன்னா அது வேற மாதிரி போயிடும். சுண்டலை வாங்கிட்டுப் போயிட்டேன்."

துறைத்தலைவர் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அது ஆயுதமில்லை போலிருக்கிறது.

அவர் மிச்சப் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைப் பாதி கேட்டார்.

"அதுக்கென்னம்மா, அதையே போட்டு விடு. எலி என்ன கேஸா போடப்போகுது? நல்லா வளர்ந்த மாதிரி ஒரு கிராஃப் போட்டா முடிஞ்சுது."

அவள் ஆய்வு நோட்டை அவர் மேசையிலேயே விரித்து, நின்றபடி எழுதினாள்.

'நாற்பது குப்பிகளும் கெட்டன. ஃப்ரீசரை அணைத்தவர்: துறைத்தலைவர். காரணம்: ஆயுதங்களுக்கு ஓய்வு. கெட்டதையே எலிகளுக்குப் போட்டு, தசை வளர்ந்ததாக வரைபடம் போடச் சொன்னவர்: அவரே.'

அழுத்திய அழுத்தத்தில் மூன்று பக்கம் தள்ளியும் எழுத்து பதிந்தது.

நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், சைன்."

அவர் பொரியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். மாணவர்கள் எழுதியதைப் படிப்பது அவருக்குப் பழக்கமில்லை. கையெழுத்திட்டார். தேதி போட்டார். கேட்காமலே முத்திரையும் குத்தினார்.

"வெரி குட்."

ஜெராக்ஸ் கடை திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவள் போய் ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.