அடைக்கக் கூடாத ஓட்டை

பழைய நூற்பாலையைப் பாதுகாக்க அரசு மானியம் தந்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த பொறியாளருக்கோ பின்சுவரில் இருந்த ஓட்டை கண்ணை உறுத்தியது.

"இதை ஏம்மா இன்னும் அடைக்கல?"

"அடைக்க விடமாட்டோம் சார்," என்றார் பாதுகாப்புக் குழுவின் தலைவி.

"கட்டினப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே ஆக்கத்தான் மானியம். எவனோ திருடன் போட்ட ஓட்டையைக் காப்பாத்த இல்ல."

"அப்ப மானியத்தை நீங்களே வெச்சுக்குங்க. எங்களுக்கு ஓட்டை போதும்."

பொறியாளருக்குச் சுருக்கென்றது. "திருட்டுக்கு நினைவுச் சின்னமா? நல்லாயிருக்கும்மா உங்க நியாயம்!"

"இதுல திருடன் நுழைய முடியுமா சார்? நல்லாப் பாருங்க."

பார்த்தார். பெரியவர்கள் தலைகூட நுழையாத அளவுதான். செங்கற்களோ உள்ளிருந்து வெளியே பெயர்ந்திருந்தன.

"உள்ளேயிருந்து இடிச்சிருக்காங்க..."

"தீப்பிடிச்ச அன்னைக்குப் பெண்கள் இடிச்சது. வேலை நேரத்துல யாரும் வெளிய போகக்கூடாதுன்னு முதலாளி கதவைப் பூட்டி வெச்சிருந்தாரு. புகை அவங்களை முந்திருச்சு. இவ்வளவுதான் இடிக்க முடிஞ்சுது."

"யாருமே பிழைக்கலையா?"

"பால்குடி மறக்காத ஒரு குழந்தையை மட்டும் இது வழியா வெளிய நீட்டினாங்க." தலைவி நிமிர்ந்து நின்றார். "அது நான்தான் சார். நீட்டினது எங்கம்மா. இதை மூடினா முதலாளி கட்டின ஆலை மிஞ்சும். அவங்க இடிச்சது மிஞ்சாது."

ஓட்டையை அடைக்கச் சிமென்ட்டோடு காத்திருந்த கொத்தனார் பக்கம் பொறியாளர் திரும்பினார்.

"சிமென்ட்டைக் கீழே வைப்பா. ஓட்டையோட ஓரம் சரிஞ்சு விழாம இருக்க, சுத்தி ஒரு இரும்புச் சட்டம் போடு. செலவு மானியத்துலதான். விதிமுறைக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."