அடிப்படை தெரியாதவர்

“அதெல்லாம் எங்க தாத்தா காலத்து வழி, மேடம்.”

சொல்லிவிட்டு ராகேஷ் சிரித்தான். எதிரே இன்டர்வியூவுக்கு வந்து உட்கார்ந்திருந்த மௌரீன் சிரிக்கவில்லை. வயது நாற்பத்தாறு. பிள்ளைகளுக்காக ஒன்பது வருஷம் வேலையை விட்டிருந்து, இப்போது லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

ஸ்கேன் சென்டர்களுக்கு டோக்கன் போடும் புரோகிராம் எழுதுகிற சின்ன கம்பெனி அது. ராகேஷ் டீம் லீடர். “எங்க புரோகிராம்லேருந்து சென்டரோட சர்வருக்கு ரிக்வெஸ்ட் போகணும். அதுக்கு எந்த லைப்ரரியை எடுப்பீங்க?” என்று கேட்டிருந்தான். லைப்ரரி என்றால் யாரோ முன்பே எழுதிவைத்த ரெடிமேட் புரோகிராம். “புரோகிராம் லாங்வேஜோட கூடவே வர்ற பழசே போதும் சார்” என்றிருந்தார் மௌரீன்.

“நாங்க இன்னிக்குக் காலையிலதான் புதுசு போட்டிருக்கோம். பாருங்க.” லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான்.

மௌரீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

“சார், பதில் வர லேட்டானா இது தானாவே மறுபடி அனுப்புதே?”

“ஆமா. அதுதான் இதோட பியூட்டியே.”

“விவரம் கேட்கிற ரிக்வெஸ்ட்னா பத்து தடவை அனுப்பலாம். டோக்கன் போடறதுக்கு அப்படி அனுப்பினா... முதல்ல அனுப்பினதே அங்க பதிஞ்சிருந்தா?”

“அதையெல்லாம் லைப்ரரி பாத்துக்கும். தேங்க்யூ மேடம்.”

அவர் போனதும் எச்.ஆர். ஜூலியா வந்தாள். “ரிஜெக்ட்டா சார்? காரணம் என்ன போட?”

“அடிப்படையே தெரியலைன்னு போடுங்க.”

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மௌரீனிடமிருந்து ஒரு மெயில். கெஞ்சி எழுதியிருப்பார் என்று நினைத்தான். திறக்காமலே அழித்தான்.

மூன்று மணிக்கு ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து போன். ரிசப்ஷன் பெண் கிட்டத்தட்ட அழுதாள்.

“சார், ஒரே பேஷன்ட்டுக்கு ரெண்டு ரெண்டு டோக்கன் விழுது! இடமில்லைன்னு காலையிலேருந்து நாப்பது பேரைத் திருப்பி அனுப்பிட்டோம். ஒரு பெரியவர் வெறும் வயித்தோட கோலார்லேருந்து வந்திருந்தார் சார்.”

தப்பு எங்கே என்று ராகேஷ் தேட வேண்டியிருக்கவில்லை. புது லைப்ரரியை எடுத்துவிட்டு, மௌரீன் சொன்ன தாத்தா காலத்து வழியையே போட்டான். பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியானது.

ஐந்து மணிக்கு, காலையிலிருந்து வெளியே போயிருந்த மேனேஜர் நாகேஷ் நேராக அவன் சீட்டுக்கு வந்தார்.

“சூப்பர்ப்பா ராகேஷ்! பத்தே நிமிஷத்துல சரி பண்ணிட்டியாமே. எப்படிக் கண்டுபிடிச்சே?”

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மௌரீன் என்ற பெயர் ராகேஷின் நாக்கு நுனிவரை வந்தது.

“எல்லாம் அனுபவம்தான் சார்.”

நாகேஷ் ஒரு நொடி அவன் முகத்தையே பார்த்தார். “ஓஹோ” என்றார். போய்விட்டார்.

ராகேஷுக்கு உட்கார முடியவில்லை. வெறும் வயிற்றோடு திரும்பிப் போன அந்தப் பெரியவர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்த அந்த அம்மா, இருவரும் மாறி மாறி மனசில் வந்தார்கள். எழுந்து ஜூலியாவிடம் போனான்.

“அந்த மௌரீன் மேடம்... அவங்களை மறுபடி கூப்பிட முடியுமா?”

“கூப்பிட்டாச்சே சார். நாளைக்கு வர்றாங்க. நாகேஷ் சார்தான் வழியிலேருந்தே போன் பண்ணிக் கூப்பிடச் சொன்னாரு.”

“அவருக்கு எப்படி...?”

“என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? மத்தியானம் உங்க ரெண்டு பேருக்கும் மெயில் போட்டாங்களே. ‘எனக்கு வேலை தராட்டிப் பரவாயில்லை, அதை மட்டும் உடனே நிறுத்துங்க, நோயாளிங்க அலையக் கூடாது’ன்னு. எந்த வரியில தப்புன்னுகூட எழுதியிருந்தாங்க. டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு நின்னப்ப சார் அதைப் படிச்சாராம்.”

“எப்போ?”

“உங்க சீட்டுக்கு வந்து கேட்டாரே... அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்.”